மூன்று வருடமாகப் புதியவன்

1

எங்கள் கம்பெனியில் வருடத்துக்கு ஒருமுறை இனவாதத்துக்கு எதிராகச் சாப்பிடுவோம்.

அதற்கென்று ஒரு நாள் ஒதுக்கியிருக்கிறார்கள். பனி உருகி, வாகனம் நிறுத்தும் இடமெல்லாம் சேறாகிற காலத்தில் அது வரும். அன்றைக்கு ஆளுக்கொரு பாத்திரத்தில் அவரவர் ஊர்ச் சாப்பாட்டைக் கொண்டுவர வேண்டும். பெரிய மேலாளர் ஐந்து நிமிடம் பேசுவார். இனவாதம் கூடாது என்பார். எல்லோரும் தலையாட்டுவோம். பிறகு எங்கள் ஊர் மீன் ரோல்ஸுக்கு வரிசை பிடிப்போம். ரோல்ஸ் எப்போதும் முதலில் தீர்ந்துவிடும். இனவாதம் அடுத்த வருடத்துக்கும் மிச்சம் இருக்கும்.

இந்த வருடம் என்னையும் பேசச் சொன்னார்கள்.

பதுளைப் பக்கம் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு நான் யாரென்று சொல்லிவிடுகிறேன். பிறந்தது மடுல்சீமையில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடொன்றில். படித்தது பசறையில். பெரிதாகப் படித்ததாகச் சொல்லிக்கொண்டு திரிந்தது பதுளையில். இருபத்திரண்டு வருடமாகக் கனடாவில், டொரொண்டோவுக்கு வெளியே ஒரு குளிர்க் கிடங்கில் வேலை. உறைய வைத்த கோழி, மீன், பச்சைப் பட்டாணி எல்லாம் லொறியில் வந்து இறங்கும். பெட்டி பெட்டியாகப் பிரிந்து கடைகளுக்குப் போகும். பதினான்கு பேர் கொண்ட காலை ஷிப்டுக்கு நான் 'லீட் ஹேண்ட்'. திங்கட்கிழமை காலையில் யார் எங்கே நிற்பது என்று பட்டியல் எழுதி ஒட்டுவது என் வேலை. நமக்கு விளங்குகிற மாதிரிச் சொன்னால், கங்காணி. கங்காணிக்குப் பயந்து கடல் தாண்டி ஓடிவந்து, கங்காணியாகவே முடிந்த ஆள் நான்.

என்னைப் பேசக் கூப்பிட்டதற்குக் காரணம் எங்கள் சாப்பாட்டு மேசை. அதில் யாழ்ப்பாணத்துத் தர்மண்ணை இருப்பார். பண்டாரவளையில் பிறந்து வளர்ந்த சிங்களவன் சுனில் இருப்பான். அக்கரைப்பற்று ரிஸ்வான் இருப்பான். மலையகத்து நான் இருப்பேன். சுனிலின் தேங்காய்ப் பொல் சம்பலைத் தர்மண்ணை எடுப்பார், தர்மண்ணையின் மீன் குழம்பை ரிஸ்வான் எடுப்பான், நான் எல்லோருடையதையும் எடுப்பேன். மனிதவளப் பிரிவில் இருக்கிற அம்மணி எங்கேயோ எங்கள் நாட்டுச் சண்டையைப் பற்றி வாசித்திருக்கிறார். ஒருநாள் இந்த மேசையைப் பார்த்துவிட்டுக் கண் கலங்கினார். "உங்கள் ஷிப்ட் இந்தக் கம்பெனிக்கே ஒரு முன்மாதிரி. அதைப் பற்றிப் பேசுங்கள் மோகன். உங்கள் நகைச்சுவையோடு" என்றார்.

எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. நாட்டில் முடியாத காரியத்தை ஒரு மைக்ரோவேவ் அடுப்பை வைத்து நான் முடித்துவிட்டேன் அல்லவா?

2

கிடங்கில் இரண்டு உலகம் உண்டு. ஒன்று வெளிமேடை. லொறி வந்து நிற்கிற இடம். குளிரும்தான், ஆனால் ஸ்வெட்டர் போட்டால் சமாளிக்கலாம், பேசலாம், சிரிக்கலாம். மற்றது பிரீஸர். பிளாஸ்டிக் திரையை விலக்கி உள்ளே போனால் பூச்சியத்துக்குக் கீழே இருபத்தைந்து. பஞ்சு வைத்த உடுப்பு, இரண்டடுக்குக் கையுறை, தலைமூடி. நாற்பது நிமிடம் நின்றால் பத்து நிமிடம் வெளியே வந்து சூடேறிக்கொள்ளலாம். தாடி வைத்தவனுக்குத் தாடியில் பனி கட்டும். எப்போதும் மூன்று பேர் உள்ளே நிற்க வேண்டும்.

யார் நிற்பது என்பதற்கு நான் ஒரு நியாயமான விதி வைத்திருந்தேன். கடைசியாக வேலைக்குச் சேர்ந்தவன் உள்ளே. அவனுக்குப் பிறகு ஒருவன் வந்தால் முன்னவன் வெளியே வரலாம். இந்த விதி கனடாவில் எழுதியது இல்லை. பெரட்டுக் களத்தில் படித்தது.

தோட்டத்தில் விடியக்காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கிறதைப் பெரட்டு என்போம். அங்கேதான் கங்காணி கொழுந்து பறிக்கிற பெண்களுக்கு நிரை பிரித்துக் கொடுப்பார். நடு நிரை என்றால் செடி செழிப்பாக இருக்கும், கை நிறையக் கொழுந்து வரும், பக்கத்து நிரைக்காரியோடு ஊர்க்கதை பேசலாம். ஓரத்து நிரை காட்டை ஒட்டி இருக்கும். கல்லும் கானும் அட்டையும். செடி சவலைப் பிள்ளை மாதிரி நிற்கும். எங்கள் அம்மா கொஸ்லந்தையில் இருந்து மடுல்சீமைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். புதிதாக வந்தவர் என்பதால் ஓரத்து நிரை. அது சரி. ஆனால் அதற்குப் பிறகு அந்தத் தோட்டத்துக்கு எத்தனையோ மருமகள்கள் வந்தார்கள். வந்தவர்களில் பாதிப் பேர் கங்காணிக்கு ஏதோ ஒரு வழியில் சொந்தம். அவர்களெல்லாம் நேராக நடு நிரைக்குப் போனார்கள். அம்மா மட்டும் பதினோரு வருடம் புதுசாகவே இருந்தார். காலில் அட்டை கடித்த இடத்துக்குச் சுண்ணாம்பு வைத்துக்கொண்டு, "இன்னைக்கும் ஓரந்தான்" என்பார். நான் அப்போது ஸ்கூலில் படிக்கிறேன். பெரியவனானால் அந்தக் கங்காணியை என்னவெல்லாம் செய்வேன் என்று மனதுக்குள் நிறையத் திட்டம் வைத்திருந்தேன்.

நான் கனடாவுக்கு வந்து இந்தக் கிடங்கில் சேர்ந்தபோது, தர்மண்ணைதான் லீட் ஹேண்ட்; பின்னால் அவர் விட்ட இடத்துக்குத்தான் நான் வந்தேன். நல்ல மனிதர். முதல் நாள் தேத்தண்ணி வாங்கித் தந்து, "தம்பி, ஊரிலை எந்தப் பக்கம்?" என்று கேட்டார். பதுளை என்றேன். "ஓ, தோட்டப் பக்கமோ?" என்றார். அவ்வளவுதான் கேட்டார். இரண்டு வருடம் பிரீஸரில் இருந்தேன்.

வெளியே வந்தது உழைப்பால் இல்லை. பகிடியால். சூடேறுகிற பத்து நிமிடத்தில் எதையாவது சொல்லி எல்லோரையும் சிரிக்கவைப்பேன். மோகன் வெளிமேடையில் நின்றால் பொழுது போகும் என்று வெளியே எடுத்தார்கள். நான் சொன்ன முதல் பகிடி எங்கள் லயத்தைப் பற்றியது. அதற்குத்தான் அதிகமாகச் சிரித்தார்கள். அதை இன்னும் விரிவாக எழுத எனக்குத் தைரியம் இல்லை.

3

யோனாஸ் எரித்திரியாவில் இருந்து வந்தவன். முப்பத்தைந்து வயது இருக்கும். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தானாம். இங்கே கோழிப் பெட்டி எண்ணுகிறான். மூன்று வருடத்துக்கு முன்பு சேர்ந்தான். என் விதிப்படி பிரீஸருக்கு அனுப்பினேன்.

அதற்குப் பிறகு ஏழு பேர் சேர்ந்தார்கள். ஒருவருக்கு இளைப்பு. ஒருவருடைய மனைவி பிள்ளை பெற்றிருந்தார், சளி பிடித்து வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. ஒருவர் தர்மண்ணையின் மச்சான். ஒருவர் சுனில், பண்டாரவளைக்காரன், கிட்டத்தட்ட எங்கள் ஊர், எப்படி உள்ளே அனுப்புவது? ஒருவர் ரிஸ்வான், அவன் வந்தது நோன்பு காலம். நோன்பு முடிந்த பிறகு எனக்கு மறந்துவிட்டது. ஏழில் இரண்டு பேர்தான் உள்ளே போனார்கள். அவர்களும் ஆபிரிக்காவில் இருந்து வந்தவர்கள். ஆக உள்ளே நிற்கிற மூன்று பேரும் கறுப்பர்கள். இதை இப்போது எழுதும்போதுதான் எனக்கே கண்ணில் குத்துகிறது. அதுவரைக்கும் "உள்ளே மூன்று பேர்" என்று மட்டும்தான் தெரியும்.

திங்கட்கிழமைகளில் பட்டியலை ஒட்டும்போது யோனாஸ் வந்து நின்று பார்ப்பான். நான் அவன் தோளில் தட்டி, "கவலைப்படாதே யோனாஸ், பிரிட்ஜில் வைத்த சாமான் கெட்டுப்போகாது. உனக்கு வயதே ஏறாது" என்பேன். எல்லோரும் சிரிப்பார்கள். அவனும் சிரிப்பான். நல்ல பகிடி என்று நானும் மாதத்துக்கு ஒருமுறை அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

போன வருடம் இலையுதிர் காலத்தில் ஒரு படிவத்தைக் கொண்டுவந்தான். கூடவே டாக்டரின் கடிதம். வலது கையில் இரண்டு விரலுக்கு உணர்ச்சி குறைந்துகொண்டு வருகிறது, உறைகுளிரில் வேலை கொடுக்கக் கூடாது என்று எழுதியிருந்தது. நான் கையெழுத்து வைத்து மனிதவளப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும். கையெழுத்து வைத்தால் அவன் இடத்துக்கு வெளிமேடையில் இருந்து ஒருவரை உள்ளே அனுப்ப வேண்டும். யாரை? எங்கள் மேசையில் இருந்து ஒருவரை. படிவத்தை என் லொக்கரில் வைத்தேன். அடுத்த வாரம் பார்க்கலாம் என்றேன்.

நான் இளந்தாரியாக இருந்தபோது, பிறப்புச் சான்றிதழில் ஒரு பிழையைத் திருத்துவதற்காகப் பதுளையில் ஓர் அலுவலகத்துக்கு அலைந்திருக்கிறேன். படிவம் சிங்களத்தில் இருக்கும். கவுண்டரில் இருந்தவர் நிமிர்ந்தே பார்க்க மாட்டார். "ஹெட்ட எண்ட" என்பார். நாளைக்கு வா என்று அர்த்தம். மடுல்சீமையில் இருந்து பஸ் ஏறி, வளைவு வளைவாக வாந்தி எடுத்துக்கொண்டு வந்து கேட்கிறவனுக்கு அந்த இரண்டு வார்த்தை. எனக்குச் சிங்களம் தெரியவந்ததே அந்த இரண்டு வார்த்தையில்தான்.

யோனாஸுக்கு நான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன். ஐந்து மாதம் சொன்னேன்.

4

பேச்சை மகள் நிலாவிடம் காட்டினேன். பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். சனி ஞாயிறில் வீட்டுக்கு வருவாள். அதாவது அவளுடைய உடல் வரும், மிச்சம் போனுக்குள் இருக்கும். நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள், இரண்டு பேருக்கும் பாதி விளங்கும். குடும்பம் நன்றாகத்தான் ஓடுகிறது.

என் ஆங்கிலத்தைத் திருத்திவிட்டு மூன்று பகிடிகளைக் கோடு போட்டு வெட்டினாள். ஏன் என்றேன். "அப்பா, இந்த ஜோக்குல யாரப் பாத்து சிரிக்கிறீங்க?" என்று கேட்டாள். அபூர்வமாக முழுத் தமிழில். பதிலுக்குக் காத்திருக்கவில்லை, போனுக்குள் போய்விட்டாள்.

சமையலறையில் என் மனைவி சரோஜா அவளுடைய தம்பி மகனைப் பற்றி பசறைக்குப் பேசிக்கொண்டிருந்தாள். பிரதீப். இருபத்தைந்து வயது. அவனுக்குக் கனடா விசா சரிவந்துவிட்டது, கோடையில் வருகிறான். எங்கள் கிடங்கிலேயே வேலைக்கும் சொல்லி வைத்தாயிற்று.

போனை வைத்துவிட்டு, "நீங்கதான லீட்டு. வெளியில நல்ல எடமாப் பாத்துப் போட்டுருங்க. தம்பிகிட்டயும் சொல்லிட்டேன்" என்றாள்.

சரி என்றேன். அதைச் சொல்லும்போது, எனக்கு முன்னால் மேசையில் இனவாதத்துக்கு எதிரான பேச்சு கிடந்தது.

5

சாப்பாட்டு நாளில் நான் நன்றாகத்தான் பேசினேன். எங்கள் நாட்டில் ஒருவரையொருவர் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறவர்கள் இங்கே ஒருவர் தட்டில் ஒருவர் கை வைக்கிறோம், அதுவும் கேட்காமல், என்றேன். சிரித்தார்கள். ஒற்றுமை வேண்டுமானால் மைக்ரோவேவ் ஒன்றுதான் இருக்க வேண்டும், இரண்டாவது வாங்கித் தராதீர்கள் என்றேன். பெரிய மேலாளரே சிரித்தார். கம்பெனிப் பத்திரிகைக்கு எங்களை நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள். தர்மண்ணை, சுனில், ரிஸ்வான், நடுவில் நான், கையில் ரோல்ஸ்.

படம் எடுக்கிற பிள்ளை, "உங்கள் ஷிப்ட் ஆட்கள் முழுவதும் நில்லுங்கள்" என்றாள். முழுவதும்தான் என்று சொல்லிக்கொண்டே எண்ணினேன். கங்காணிக்குத் தலை எண்ணுகிற வியாதி உண்டு. பதினொன்று.

மிச்சம் மூன்று பேர் பிரீஸரில் நின்றார்கள். அன்றைக்கு இரண்டு லொறி அவசரமாகப் போக வேண்டும், சாப்பாட்டு நேரத்தில் யாராவது உள்ளே நிற்க வேண்டும் என்று நான்தான் எழுதிப் போட்டிருந்தேன். இனவாதத்துக்கு எதிரான சாப்பாட்டுக்குக் கறுப்பர்கள் வராதபடி பார்த்துக்கொண்டது என்னுடைய கையெழுத்து.

அப்போது மேடைக்குத் திரும்பி ஓடி உண்மையைச் சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரை நன்றாக இருந்திருக்கும். நான் அப்படிச் செய்யவில்லை. படத்துக்குச் சிரித்தேன். பிறகு ஒரு தட்டில் சோறும் கறியும் போட்டு, இரண்டு ரோல்ஸைக் கைலேஞ்சித் துணியில் ஒளித்துக்கொண்டு, சூடேறுகிற அறைக்குப் போனேன்.

6

யோனாஸ் சின்ன ஹீட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். வலது கையை இடது கையால் பிடித்து, விரலைப் பிசைந்துகொண்டிருந்தான். தட்டைக் கொடுத்தேன். இடது கையால் வாங்கினான். பேச்சு எப்படிப் போனது என்று கேட்டான். நன்றாகப் போனது என்றேன்.

"சிரித்தார்களா?"

"சிரித்தார்கள்."

கொஞ்ச நேரம் சாப்பிட்டான். கறி உறைப்பு என்றான். பிறகு, கணக்கு வாத்தியார் கரும்பலகைக்கு முன்னால் நின்று கேட்கிற மாதிரி அமைதியாகக் கேட்டான்.

"மோகன், எனக்குப் பிறகு ஏழு பேர் வந்தார்கள். நான் எண்ணினேன். மூன்று வருடமாக நான் புதியவன். உங்கள் கணக்கில் நான் எப்போது பழையவன் ஆவேன்?"

கோபமாகக் கேட்டிருந்தால் நான் ஏதாவது பகிடி சொல்லித் தப்பியிருப்பேன். வாய் திறந்தேன். வயதே ஏறாது என்ற பழைய பகிடிதான் நாக்கு நுனியில் வந்து நின்றது. எனக்கே அருவருப்பாக இருந்தது.

படிவத்தை நாளைக்கு அனுப்புகிறேன் என்றேன். அவன் தலையாட்டினான், அலுவலகங்களில் நிறைய அலைந்த மனிதன் தலையாட்டுகிற மாதிரி. பத்து நிமிடம் முடிந்தது. தட்டை ஓரமாக வைத்துவிட்டு, கையுறையைப் பல்லால் பிடித்து இழுத்து மாட்டிக்கொண்டு உள்ளே போனான்.

7

ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மாவுக்குப் போன் எடுப்பேன். அவர் பசறையில் என் தம்பி வீட்டில் இருக்கிறார். அங்கே பின்னேரம். முழங்கால் வலி, பஸ் கட்டணம், தம்பி பொண்டாட்டியின் சமையல் என்று வழக்கமான செய்தி வாசிப்பு முடிந்த பிறகு, அந்தக் காலத்தில் ஓரத்து நிரைக்கு அனுப்பின கங்காணி யார் என்று கேட்டேன். என் மனதில் அவருக்கு மீசை உண்டு. கையில் பிரம்பு உண்டு. நாற்பது வருடமாக வெறுத்த ஆள், பெயர்கூடத் தெரியாது.

"ஆறுமுகம் கங்காணிடா. நல்ல மனுசன்" என்றார் அம்மா.

நல்ல மனுசனா?

"ஆமா. ஒரு நாளு ஒருத்தரயும் அதட்டுனது இல்ல. சிரிக்கச் சிரிக்கப் பேசுவாரு. 'கொஸ்லந்தைக்காரி, ஓரத்துல நல்லாக் காத்து வரும், போ தாயி'ம்பாரு. எல்லாரும் சிரிப்பாளுக. நானும் சிரிச்சிக்கிட்டே போயிருவேன்."

ஏன் சண்டை போடவில்லை என்று கேட்டேன்.

"சிரிச்சுப் பேசுறவருகிட்ட எப்புடிடா சண்ட போடுறது? போட்டா நம்மதான் சண்டக்காரி."

பிறகு எப்படித்தான் நடு நிரை கிடைத்தது? அதையும் கேட்டுவைத்தேன்.

"தலவாக்கலையில இருந்து ஒரு பொண்ணு வந்துச்சு. ஒல்லியா இருக்கும். அதை ஓரத்துக்கு அனுப்பிட்டு என்னைய உள்ளுக்கு எடுத்தாங்க."

"நீங்க ஒன்னும் சொல்லலையா?"

அம்மா போனை மற்றக் காதுக்கு மாற்றுகிற சத்தம் கேட்டது.

"நான் ஏன்டா சொல்லப்போறேன். எனக்குத்தான் நடு நெரை கெடச்சிருச்சே" என்றார். கொஞ்சம் பொறுத்து, "பாவம், அதுக்கும் காலெல்லாம் அட்டை" என்றார். பிறகு நான் சாப்பிட்டேனா என்று கேட்டார்.

8

அன்று மத்தியானம் சமையலறை மேசையில் உட்கார்ந்து, நாளைக்கு என்று சொல்லி லொக்கரில் இருந்து வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்திருந்த படிவத்தை நிரப்பினேன். "தாமதத்துக்கான காரணம்" என்று ஒரு பெட்டி இருந்தது. இரண்டு வரி எழுதலாம். 'வேலைப் பளு' என்று எழுதினேன். வெட்டினேன். 'படிவம் தவறவிடப்பட்டது' என்று எழுதினேன். அதையும் வெட்டினேன். பெட்டியில் இடம் குறைந்துகொண்டே வந்தது. கடைசியில், 'என் நாட்டுக்காரர்களை வெளியே வைத்திருப்பதற்காக இவரை உள்ளே வைத்திருந்தேன்' என்று ஓரத்தில் நெருக்கி எழுதி, கையெழுத்துப் போட்டேன். இருபத்திரண்டு வருடத்தில் நான் எழுதின ஆங்கில வசனங்களில் பிழையில்லாத ஒன்று அதுதான் என்று நினைக்கிறேன். நிலாவிடம் காட்டவில்லை.

அந்த வாரமே இரண்டு கடிதம் வந்தது. ஒன்று, ஒற்றுமையைப் பற்றிச் சிறப்பாகப் பேசியதற்கு நன்றிச் சான்றிதழ். மற்றது, ஓர் ஊழியரின் மருத்துவப் படிவத்தை ஐந்து மாதம் வைத்திருந்ததற்கு எச்சரிக்கை. இரண்டிலும் அதே அம்மணியின் கையெழுத்து. கறுப்பு மையும் ஒன்றுதான். சரோஜா நன்றிச் சான்றிதழைச் சட்டம் போடலாமா என்று கேட்டாள். எச்சரிக்கையையும் சேர்த்துப் போட்டால் சரி என்றேன்.

அடுத்த திங்கட்கிழமை புதிய பட்டியல் ஒட்டினேன். யோனாஸ் நிரந்தரமாக வெளிமேடை. மற்ற எல்லோரும் முறை வைத்து, வாரத்துக்கு மூன்று பேர், பிரீஸர். முதல் வாரம் என் பெயர், சுனில், ரிஸ்வான். இரண்டாம் வாரம் முதல் பெயர் தர்மண்ணை.

ரிஸ்வான் உடுப்பை மாட்டினான். சுனில் என்னைத் தனியே கூப்பிட்டு, பதுளையும் பண்டாரவளையும் ஒரே ஊவா மாகாணம், ஊவாக்காரனுக்கு ஊவாக்காரன் இப்படிச் செய்யலாமா என்று சிங்களத்தில் கேட்டான். ஒரு வாரம் நின்றான். பிறகு பின்னேர ஷிப்டுக்கு மாற்றம் கேட்டுப் போய்விட்டான். பொல் சம்பலும் போய்விட்டது. தர்மண்ணை மேசையை மாற்றிக்கொண்டார். அம்மணி கண் கலங்கிப் பார்த்த மேசையில் இப்போது நானும் ரிஸ்வானும், சில நாளில் ரிஸ்வான் மட்டும். இரண்டு வருடமாக நான் கட்டின ஒற்றுமை ஓர் ஒற்றைத் தாளில் உடைந்தது. யோசித்துப் பார்த்தால், அதன் அத்திவாரமே பிரீஸருக்குள் நின்ற மூன்று பேர்தான்.

ஐம்பத்து மூன்று வயதில் இருபத்தைந்து பாகை குளிர் வேறு மாதிரி இருக்கிறது. முதல் நாளே மூக்கு நுனி எங்கே என்று தேட வேண்டியிருந்தது. சூடேறுகிற அறையில் நான் உட்கார்ந்திருந்தபோது யோனாஸ் தேத்தண்ணி கொண்டுவந்தான். நன்றி சொல்வான் என்று ஒரு பொட்டுச் சபலம் எனக்கு இருந்தது. அவன் சொல்லவில்லை. விரல் எப்படி என்று கேட்டேன். ஒன்றில் கொஞ்சம் உணர்ச்சி வருகிறது, மற்றது வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார் என்றான். "ஐந்து மாதம் முன்பு என்றால் வந்திருக்கலாமாம்" என்றான். கணக்கைச் சொல்கிற குரல்தான். தேத்தண்ணியை வைத்துவிட்டுப் போய்விட்டான்.

9

இரண்டாம் வாரத் திங்கட்கிழமை. தர்மண்ணை வரமாட்டார், லீவு போடுவார், அல்லது மேலாளரிடம் போவார் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். வராவிட்டால் அவருக்குப் பதில் நானே போவது என்று உடுப்போடு நின்றேன்.

வந்தார். பட்டியலுக்கு முன்னால் நின்று, கண்ணாடியைத் துடைத்துப் போட்டு, தன் பெயரைப் பிழை பிடிக்கிறவர் மாதிரி வாசித்தார். அறுபத்திரண்டு வயது. இந்தக் கிடங்கில் முதன்முதல் வேலைக்குச் சேர்ந்த தமிழர் அவர்தான்.

"என்னை ஆர் உள்ளுக்கு விட்டது தெரியுமோ?" என்றார், என்னைப் பார்க்காமல். "ஒரு இத்தாலிக்காரன். மூண்டு வருசம். எங்கடை சாப்பாடு மணக்குது எண்டு வெளியிலை சாப்பிடவும் விடேல்லை."

எனக்கு இது தெரியாது. இருபத்திரண்டு வருடம் பக்கத்தில் இருந்து சாப்பிட்டும் தெரியாது. அவர் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை, சிரிக்க வைத்துக்கொண்டிருந்தேன்.

பஞ்சு உடுப்பை எடுத்து மாட்டினார். ஜிப் மேலே வரவில்லை. குனிந்து இழுத்துவிட்டேன். தலைமூடியைப் போட்டுக்கொண்டு, முகம் மட்டும் தெரிய, என்னைப் பார்த்தார்.

"மோகன், இப்ப பகிடி ஒண்டும் விடாதை."

விடவில்லை. திரையைப் பிடித்து விலக்கினேன். உள்ளே போனார்.

அதற்காக எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். அவர் இன்னும் என்னோடு உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. சூடேறுகிற அறையில் மட்டும் பேசுவார், அதுவும் இரண்டு மூன்று சொல். இப்போது ஆட்கள் ஒருவரையொருவர் கொஞ்சம் உற்றுப் பார்க்கிறார்கள். முன்பு சிரித்தார்கள். எது நல்லது என்று என்னைக் கேட்டால் எனக்குச் சிரிப்புத்தான் பிடிக்கும். ஆனால் என்னைக் கேட்கக் கூடாது.

போன வாரம் சரோஜா குளிர்சாதனப் பெட்டியின் மேல் ஒட்டியிருந்த என் பட்டியலை நின்று வாசித்தாள். அடுத்த மூன்று மாதத்துக்கு எழுதி வைத்திருந்தேன். ஓர் இடத்தில் விரலை வைத்தாள். அந்த வாரத்தில் மூன்றாவது பெயர் பிரதீப்.

"நம்ம புள்ளையாச்சேங்க" என்றாள்.

ஆமாம் என்றேன். அவன் வந்து நாலாவது வாரம் முறை வருகிறது, அதற்கு முன்னால் போட்டாலும் பிழை, பின்னால் போட்டாலும் பிழை என்றேன். அவள் என்னோடு ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. அடுத்த நாள் பசறைக்குப் போன் எடுத்தாள். நான் வாசலில் சப்பாத்துப் போட்டுக்கொண்டு காது கொடுத்தேன். தம்பியிடம் என்னை என்ன திட்டப்போகிறாளோ என்று ஒரே சப்பாத்தின் கயிற்றை இரண்டு முறை கட்டினேன்.

"தம்பி, இந்தா பாரு" என்றாள். "பிரதீப்புக்குக் காலுக்குத் தடிப்பான கம்பளி மேஸா நாலு சோடி வாங்கிக் குடுத்துவிடு. கையுறையும் சேத்து. இங்க மாமா எழுதுனா எழுதுனதுதானாம்."